‘கட்டாயம்’ என்ற சொல் யாருக்கு? மதமாற்றச் சட்டங்களும் தன்பாலீர்ப்பு உரிமையும் செய்தியாகும் விதம்

நன்னிலத்தில் வெவ்வேறு மதத்தைச் சேர்ந்த இருவர் கல்யாணம் செய்துகொள்ள முடிவெடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் மதம் மாற விருப்பமில்லை. அவர்களுக்கு இருக்கும் வழி, 1954-ம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். சார்பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். அவர்களுடைய விவரம் அறிவிப்பாக அலுவலகப் பலகையில் ஒட்டப்படும். யாராவது ஆட்சேபம் சொல்கிறார்களா என்று 30 நாள் காத்திருக்க வேண்டும்.

அதே ஊரில் இரண்டு பெண்கள் சேர்ந்து வாழ முடிவெடுத்தால்? அவர்களுக்கு அந்தப் பலகைகூடக் கிடையாது. வீட்டைவிட்டுக் கிளம்பிவிட்டால், அவர்களைப் பற்றி வெளியே வரும் முதல் தகவல் பெரும்பாலும் ‘மகளைக் காணவில்லை’ என்று பெற்றோர் காவல் நிலையத்தில் கொடுக்கும் புகார்தான்.

18 வயது கடந்த ஒருவர் தன் வாழ்க்கையை முடிவு செய்ய யாரைக் கேட்க வேண்டும் என்பதுதான் இரண்டிலும் உள்ள கேள்வி. ஆனால் செய்திகளில் இவை சந்தித்துக்கொள்வதே இல்லை. மதமாற்றச் சட்டம் என்றால் அரசியல் செய்தி, கட்சித் தலைவர்களின் கண்டனம், மாலை டிவி விவாதம். தன்பாலீர்ப்பு என்றால் நீதிமன்றச் செய்தி, இல்லாவிட்டால் ஜூன் மாதப் பேரணியின் வானவில் கொடிப் படம். இப்படிப் பிரித்துப் படிப்பதால் வாசகர் எதைத் தவறவிடுகிறார்?

ஒரே பெயர், இரண்டு வேலை

முதல் குழப்பம் பெயரிலேயே இருக்கிறது. 1967-ல் ஒடிசா ஒரு சட்டம் இயற்றியது. பெயர், ‘ஒரிசா மத சுதந்திரச் சட்டம்’. அடுத்த ஆண்டு மத்தியப் பிரதேசமும் அதேபோன்ற பெயரில் ஒன்றைக் கொண்டுவந்தது. பெயரில் சுதந்திரம் இருந்தாலும், இரண்டுமே மதமாற்றத்தைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள். பலவந்தம், ஆசை காட்டுதல், மோசடி ஆகிய வழிகளில் மதம் மாற்றினால் தண்டனை. ஏழைகளின் வறுமையைப் பயன்படுத்தி மாற்றுவதைத் தடுக்கவே இது என்பது ஆதரிப்போர் வாதம். சொந்த விருப்பத்தில் மாறுகிறவரையும் சந்தேகத்துக்கு உள்ளாக்குகிறது என்பது எதிர்ப்போர் வாதம்.

1977-ல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த இரண்டு சட்டங்களும் செல்லும் என்றது. அரசமைப்புச் சட்டத்தின் 25-வது பிரிவு தரும் மதத்தைப் ‘பரப்பும்’ உரிமை, இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்பது அந்தத் தீர்ப்பின் மையம்.

அமெரிக்காவில் ‘மத சுதந்திரச் சட்டம்’ என்றால் கதையே வேறு. 1993-ல் வந்த மத சுதந்திர மீட்புச் சட்டம், மிக முக்கியமான காரணம் இல்லாமல் ஒருவரின் மத நம்பிக்கைக்கு அரசு பெரும் தடையாக இருக்கக் கூடாது என்கிறது. அதாவது, பொதுச் சட்டத்திலிருந்து நம்பிக்கையாளர் விலக்கு கேட்பதற்கான வழி. 2015 மார்ச்சில் இண்டியானா மாகாணம் இதே மாதிரியில் ஒரு சட்டம் கொண்டுவந்தபோது, இதைக் காட்டி கடைக்காரர்கள் தன்பாலீர்ப்பாளர்களுக்குச் சேவை மறுக்கலாமே என்ற அச்சம் எழுந்தது. பெரிய நிறுவனங்களே எதிர்த்தன. சில நாள்களிலேயே சட்டம் திருத்தப்பட்டது.

ஆக, அங்கே ‘மத சுதந்திரம்’ அரசை விலகி நிற்கச் சொல்லும் வாதம். இங்கே அதே பெயரில் வரும் சட்டம், அரசை உள்ளே வரச் சொல்கிறது. அங்கே மத சுதந்திரமும் தன்பாலீர்ப்பு உரிமையும் ஒரே செய்தியில் நேருக்கு நேர் மோதுகின்றன. இங்கே தனித்தனிப் பக்கத்தில் இருக்கின்றன. மொபைலில் இரண்டு நாட்டுச் செய்தியும் அடுத்தடுத்து வந்து விழும்போது, ‘மத சுதந்திரத்துக்கு ஆதரவா, எதிர்ப்பா?’ என்று கேட்டால் பதில் சொல்லவே முடியாது. எந்த நாட்டில், எந்தச் சட்டத்தில் என்று திருப்பிக் கேட்டாக வேண்டும்.

அமெரிக்கச் செய்திகளிலும் தலைப்பை மட்டும் நம்ப முடியாது. ஒருபால் ஜோடிக்குத் திருமண கேக் செய்ய மறுத்த கொலராடோ பேக்கரிக்காரர் 2018-ல் 7-2 என்ற கணக்கில் வென்றார். ஆனால் ‘மத நம்பிக்கைக்காக யாருக்கும் சேவை மறுக்கலாம்’ என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. அவருடைய நம்பிக்கையை மாகாண ஆணையம் மரியாதையாக நடத்தவில்லை என்ற குறுகிய காரணத்தில்தான் அவர் வென்றார். 2023-ல் இணையதள வடிவமைப்பாளர் ஒருவர் 6-3 என வென்ற வழக்கிலும் முடிவுக்குக் காரணம் பேச்சுச் சுதந்திரம்தான். மத சுதந்திரம் என்ற கேள்விக்கு நீதிமன்றம் அதில் பதில் சொல்லவில்லை.

தமிழ்நாட்டில் 2002: ஒரு சொல்லை வைத்தும் எடுத்தும்

2002 அக்டோபர் 5-ம் தேதி தமிழ்நாட்டில் ஓர் அவசரச் சட்டம் வந்தது. முதல்வர் ஜெயலலிதா. அதே மாத இறுதியில் சட்டப்பேரவையில் நிறைவேறியது. சட்டத்தின் முழுப்பெயரில் ‘கட்டாய மதமாற்றத் தடை’ என்று இருந்தது. ஆதரித்தவர்கள் ‘கட்டாய’ என்ற சொல்லை விடாமல் சொன்னார்கள். எதிர்த்தவர்களுக்கு அது வெறும் ‘மதமாற்றத் தடைச் சட்டம்’. இந்த ஒரு சொல் இருக்கிறதா, இல்லையா என்பதை வைத்தே எழுதுகிறவர் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடலாம்.

சட்டத்துக்குள் என்ன இருந்தது? கட்டாயம், ஆசை காட்டுதல், மோசடி ஆகிய வழிகளில் மதம் மாற்றினால் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம். மாற்றப்பட்டவர் சிறாராகவோ, பெண்ணாகவோ, பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்தவராகவோ இருந்தால் 4 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். மதமாற்றச் சடங்கை நடத்துகிறவர் மாவட்ட ஆட்சியருக்குத் தகவல் தர வேண்டும். ‘கட்டாயம்’ என்பதற்குள் கடவுளின் கோபத்துக்கு ஆளாவாய் என்று பயமுறுத்துவதும் சேர்க்கப்பட்டிருந்தது.

இதில் ஒரு வரி கவனிக்க வேண்டியது. பெண் என்றால் வயது வந்தவராக இருந்தாலும், படித்து வேலைக்குப் போகிறவராக இருந்தாலும், சட்டத்தின் பார்வையில் அவர் சிறாரோடு ஒரே பட்டியலில். 2020-ல் உத்தரப் பிரதேசம் கொண்டுவந்த சட்டத்திலும் இதே வகைப்பாடு இருக்கிறது. ‘பெண்ணால் தானாக இப்படி ஒரு முடிவை எடுக்க முடியாது, யாரோ மனதைக் கலைத்திருக்க வேண்டும்’ என்ற எண்ணம் சட்ட வரியாகவே மாறியிருக்கிறது. இந்த எண்ணம் இரண்டு பெண்கள் வீட்டைவிட்டுக் கிளம்பும் செய்தியிலும் திரும்ப வரும்.

2004 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாடு, புதுச்சேரியின் 40 தொகுதிகளிலும் அதிமுக அணி தோற்றது. அதே மே மாதத்தில் சட்டத்தை நீக்கும் அறிவிப்பு வந்தது. ‘தேர்தல் தோல்வியின் எதிரொலி’ என்று அது கட்சி அரசியல் செய்தியாகவே பேசப்பட்டது. சட்டம் வந்த செய்தியின் மையம் தலைவர். போன செய்தியின் மையமும் தலைவர். நடுவில் மதம் மாறியவர்களோ, மாற நினைத்துத் தயங்கியவர்களோ அந்தச் செய்தியின் மையத்துக்கு வரவில்லை.

அப்போ இப்போ தமிழ்நாட்டுல இந்தச் சட்டம் இருக்கா? இல்லை. ஆனால் நன்னிலத்திலிருந்து வேலைக்காகப் பெங்களூரு போனவருக்கு வேறு நிலைமை. கர்நாடகம் 2022-ல் தனிச் சட்டம் கொண்டுவந்தது. மதம் மாற விரும்புகிறவர் 30 நாளுக்கு முன்பே அறிவிப்பு தர வேண்டும். அந்த விவரம் அலுவலகப் பலகையில் ஒட்டப்பட்டு ஆட்சேபம் கேட்கப்படும். அடுத்து வந்த காங்கிரஸ் அரசின் அமைச்சரவை 2023 ஜூனில் இதை நீக்க முடிவெடுத்தது. உத்தரப் பிரதேசத்தில் முன்னறிவிப்புக் காலம் 60 நாள். 2024-ல் அங்கே தண்டனை ஆயுள் சிறை வரை உயர்த்தப்பட்டது.

உத்தரப் பிரதேசச் சட்டத்தைப் பல ஊடகங்கள் ‘லவ் ஜிஹாத் சட்டம்’ என்றே எழுதின. அந்தச் சொல் சட்டத்தில் எங்கும் இல்லை. இப்போதைய சட்டங்களில் அப்படி ஒரு சொல் வரையறுக்கப்படவில்லை என்று 2020 பிப்ரவரியில் மத்திய உள்துறை இணையமைச்சரே மக்களவையில் பதில் தந்திருந்தார். பிரசாரத்தில் பிறந்த ஒரு சொல் தலைப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டால், சட்டத்தை எடுத்துப் படிக்க யாருக்கும் தோன்றாது.

377: தலைப்பு சொன்னதும் தீர்ப்பு சொன்னதும்

தன்பாலீர்ப்பு விஷயத்தில் செய்திகள் நீதிமன்றத்தின் பின்னாலேயே நடந்திருக்கின்றன. 2009 ஜூலை 2-ல் டெல்லி உயர் நீதிமன்றம், வயது வந்தவர்கள் சம்மதத்தோடு தனிமையில் கொள்ளும் உறவை இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவு குற்றமாக்க முடியாது என்றது. 2013 டிசம்பர் 11-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. 2018 செப்டம்பர் 6-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஒருமனதாக 2013 தீர்ப்பை மாற்றியது. 2023 அக்டோபர் 17-ல் திருமண வழக்கின் தீர்ப்பு வந்தது.

நான்கு தேதிகளிலும் பெரிய தலைப்புகள். நடுவில் உள்ள ஆண்டுகளில் பெரிய மௌனம்.

2023 தீர்ப்பு ‘ஒருபால் திருமணத்துக்கு அனுமதி மறுப்பு’ என்ற ஒற்றை வரியில் பெரும்பாலானவர்களைப் போய்ச் சேர்ந்தது. உள்ளே இன்னும் நிறைய இருந்தது. திருமணம் அடிப்படை உரிமை அல்ல என்பதில் ஐந்து நீதிபதிகளும் ஒன்றுபட்டார்கள். ஒருபால் ஜோடிகளின் உறவை அரசு அங்கீகரிக்க வேண்டுமா, அவர்கள் சேர்ந்து தத்தெடுக்கலாமா என்பதில் 3-2 என்று பிரிந்தார்கள். எதிர்பால் உறவில் இருக்கும் திருநர்கள் இப்போதுள்ள சட்டங்களின் கீழேயே மணம் செய்யலாம் என்பதில் மறுபடி ஒருமனது. அந்த ஜோடிகளின் அன்றாடச் சிக்கல்களை ஆராய அமைச்சரவைச் செயலர் தலைமையில் குழு அமைக்கப்படும் என்ற மத்திய அரசின் உறுதிமொழியும் பதிவானது.

அந்தக் குழு 2024 ஏப்ரலில் அமைந்தது. ஒருபால் ஜோடிகள் கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கவும், ஒருவரை ஒருவர் நாமினியாக நியமிக்கவும் தடையில்லை என்று அதே ஆண்டு ஆகஸ்டில் நிதி அமைச்சகம் தெளிவுபடுத்தியது. ரேஷன் அட்டையில் ஒரே குடும்பமாகக் கருதும்படி மாநிலங்களுக்குக் கடிதம் போனது. சேர்ந்து வாழும் இருவருக்கு நாளைக்கே பயன்படக்கூடிய தகவல் இது. ‘அனுமதி மறுப்பு’ தலைப்பைப் படித்தவர்களில் எத்தனை பேர் கண்ணில் இது பட்டிருக்கும்?

இந்த வழக்குகளில் மத அமைப்புகளும் இருந்தன. 2009 தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீட்டுக்குப் போனவர்களில் ஒரு ஜோதிடர், அகில இந்திய முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியம், அப்போஸ்தலத் திருச்சபைகள் கூட்டமைப்பு எனப் பலர். மற்ற விஷயங்களில் ஒரே மேடையில் பார்க்க முடியாதவர்கள் இதில் ஒரே பக்கம் நின்றார்கள். ஒரு செய்தியாளர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இங்கேதான் இருக்கிறது: மதம் மாறுவதில் தனிமனிதர் விருப்பமே முக்கியம் என்கிற அமைப்பு, துணையைத் தேர்வதிலும் அதையே சொல்லுமா? துணையைத் தேர்வது தனிமனிதர் உரிமை என்கிறவர், மதத்தைத் தேர்வதையும் அப்படியே ஏற்பாரா? கட்சிகளிடமும் இதே கேள்வியைக் கேட்கலாம். இரண்டு செய்தியும் தனித்தனிப் பக்கத்தில் இருப்பதால் யாரும் கேட்பதில்லை.

சொல் மாறினால் செய்தி மாறும்

‘ஓரினச்சேர்க்கையாளர்’ என்ற சொல் தமிழ்ச் செய்திகளில் பல காலம் புழங்கியது. ‘சேர்க்கை’ என்பது உடலுறவை மட்டும் குறிக்கிறது. ஒருவர் யாரை நேசிக்கிறார், யாரோடு வீடு நடத்துகிறார் என்ற எல்லாவற்றையும் அது படுக்கையறைக்குள் சுருக்கிவிடுகிறது. ‘தன்பாலீர்ப்பு’ என்ற சொல் அந்த இடத்தில் ஈர்ப்பை வைக்கிறது.

சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் விசாரித்த வழக்கின் தொடர்ச்சியாக, இப்படிப்பட்ட சொற்களுக்கான தொகுப்பைத் தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்ட் 20-ல் அரசிதழில் வெளியிட்டது. ஊடகங்களும் அவற்றைப் பயன்படுத்த வேண்டும் என்பதே நீதிமன்றத்தின் எதிர்பார்ப்பு. இது நடக்காத காரியம் அல்ல. ‘திருநங்கை’ என்ற சொல்லுக்கு முன்பு எழுதப்பட்ட சொற்களை இன்று எந்த நாளிதழும் அச்சிடாது. 2008-ல் திருநங்கைகள் நல வாரியம் அமைந்த காலத்தில் அரசு பயன்படுத்திய சொல், சில ஆண்டுகளில் டீக்கடை வரை போய்ச் சேர்ந்தது.

சொல்லைப் பற்றி ஒத்த கருத்து இன்னும் வந்துவிடவில்லை. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தின் இன்னொரு அமர்வு, ‘குயர்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் விசித்திரம் என்றும் பொருள் இருப்பதால் அதைப் பயன்படுத்தத் தயக்கமாக இருப்பதாகச் சொன்னது. அதே சொல்லைத் தங்கள் அடையாளமாகப் பெருமையோடு சொல்கிறவர்களும் உண்டு. யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவரிடமே எப்படி எழுதலாம் என்று கேட்பதுதான் பாதுகாப்பான வழி. ஒரு போன் காலில் முடிகிற வேலை.

‘கட்டாயம்’ எங்கே வருது, எங்கே வரல?

மதமாற்றச் செய்திகளில் ‘கட்டாயம்’ என்ற சொல் விசாரணை தொடங்கும் முன்பே தலைப்பில் வந்துவிடுகிறது. 2022 ஜனவரியில் தஞ்சாவூர் மாவட்டத்தில் விடுதியில் தங்கிப் படித்த பள்ளி மாணவி ஒருவர் இறந்தார். மதம் மாறச் சொல்லி வற்புறுத்தியதே காரணம் என்று குற்றச்சாட்டு எழுந்தது. வீடியோ பரவியது. ஜனவரி 31-ல் மதுரைக் கிளை விசாரணையை சிபிஐக்கு மாற்றியது. பிப்ரவரி 14-ல் உச்ச நீதிமன்றம் அந்த விசாரணையைத் தடுக்க மறுத்தது. பாதிக்கப்பட்ட சிறாரின் அடையாளத்தை வெளியிட இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு தடை விதிக்கிறது. ஆனால் அந்தச் சிறுமியின் பெயரும் முகமும் போன் போனாகச் சுற்றின. அவருக்கு நீதி கேட்டவர்களே அதைப் பகிர்ந்தார்கள்.

இப்போது மறுபக்கம். மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள் வீட்டைவிட்டுச் சென்னைக்கு வந்து, பாதுகாப்பு கேட்டு உயர் நீதிமன்றம் போனார்கள். ‘காணவில்லை’ புகார்களின் பேரில் போலீஸ் அவர்களை விசாரித்துக்கொண்டிருந்தது. 2021 ஜூன் 7-ல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தந்த உத்தரவில் முக்கியமான ஒன்று, பாலீர்ப்பை ‘மாற்றுவதாக’ச் சொல்லித் தரப்படும் சிகிச்சைக்குத் தடை. அடுத்த ஆண்டு தேசிய மருத்துவ ஆணையமும் அதைத் தொழில் ஒழுங்கீனம் என்றது. தமிழ்நாடு காவலர் நடத்தை விதிகளில் 24-சி என்ற பிரிவு சேர்ந்தது. அதன்படி இந்தச் சமூகத்தினரைப் போலீஸார் துன்புறுத்தக் கூடாது.

அந்த வழக்கில் அதிகம் பேசப்பட்டது எது? நீதிபதி தன் முன்முடிவுகளை ஒப்புக்கொண்டு, மனநல ஆலோசகரிடம் பேசித் தெளிந்தது. அது அரிதான செயல், பேசப்பட வேண்டியதுதான். ஆனால் வயது வந்த பெண்ணை விருப்பமில்லாமல் டாக்டரிடம் கூட்டிப்போய் ‘சரிசெய்ய’ச் சொல்வதும் கட்டாய மாற்றம்தானே? அந்தச் செய்திகளின் தலைப்பில் ‘கட்டாயம்’ என்ற சொல் வருவது அபூர்வம்.

2025 மே 22-ல் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் அமர்வு தீர்ப்பளித்த ஆட்கொணர்வு வழக்கில் இது இன்னும் பட்டவர்த்தனம். 25 வயதுப் பெண். தன்னை வீட்டில் அடைத்து வைத்ததாகவும், அடித்ததாகவும், ‘இயல்பாக’ மாற வேண்டும் என்று சடங்குகள் செய்ததாகவும் நீதிமன்றத்தில் சொன்னார். தோழியோடு போகவே விருப்பம் என்றார். அவருடைய விருப்பத்தை ஏற்ற நீதிமன்றம், பெற்றோருடன் போகும்படி அவரைக் கட்டாயப்படுத்திய போலீஸைக் கண்டித்தது. குடும்பம் அமைய திருமணம் மட்டுமே வழி அல்ல என்றும் சொன்னது.

பலவந்தம் இருக்கிறது. மதச் சடங்கு இருக்கிறது. ஒருவரை மாற்றும் முயற்சி இருக்கிறது. மதமாற்றச் சட்டங்கள் பயப்படும் எல்லாமே இருக்கிறது. செய்தவர்கள் அந்நியர்கள் இல்லை, வீட்டு ஆட்கள் என்பது மட்டும்தான் வித்தியாசம். அதற்காகவே ‘கட்டாயம்’ என்ற சொல் அங்கே ‘குடும்பப் பிரச்னை’யாக மாறிவிடுகிறது.

நீதிமன்றம் சேர்த்துப் படிக்கிறது

கேரளத்தில் மதம் மாறி மணம் செய்துகொண்ட மருத்துவ மாணவி ஒருவரின் திருமணத்தை 2017-ல் அந்த மாநில உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. 2018 மார்ச் 8-ல் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பியது. வயது வந்தவர் யாரை மணப்பது என்பதில் அரசுக்கோ பெற்றோருக்கோ இடமில்லை என்பது அதன் சாரம். அதே ஆண்டு செப்டம்பரில் வந்த 377 தீர்ப்பு, துணையைத் தேர்வது தனிமனிதர் உரிமை என்று சொல்ல இந்த வழக்கை மேற்கோள் காட்டியது. இரண்டுக்கும் அடியில் 2017 ஆகஸ்ட் 24-ம் தேதியின் தனியுரிமைத் தீர்ப்பு இருக்கிறது.

மதம் மாறிய ஒரு பெண் நடத்திய சண்டை, ஆறே மாதத்தில் தன்பாலீர்ப்பாளர்களுக்குக் கை கொடுத்தது. செய்திகளில் முதலாவது ‘மதமாற்ற சர்ச்சை’, இரண்டாவது ‘வரலாற்றுத் தீர்ப்பு’. இரண்டையும் படித்தவர்களுக்கே இரண்டும் ஒரே நூலில் கோத்தவை என்று தெரியாமல் போனது.

நன்னிலத்துல இதெல்லாம் எங்க வருது?

வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களில் எல்லா மதத்தினரும் உண்டு. நாகூர் தர்காவுக்கு நேர்ந்துகொள்கிறவர்களும் அப்படித்தான். டெல்டாவில் இதற்காக யாரும் மதம் மாறியதாக நினைப்பதில்லை. ஆனால் தாலுகா அலுவலகத்தின் கணக்கு வேறு. 1950-ம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினர் மட்டுமே பட்டியல் சாதியினராகக் கருதப்படுவர். சீக்கியர்கள் சேர்க்கப்பட்டது 1956-ல், பௌத்தர்கள் 1990-ல். நன்னிலம் வட்டத்தில் ஒரு தலித் குடும்பம் கிறிஸ்தவத்துக்கு மாறினால், சாதிச் சான்றிதழில் அது பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறது. பிள்ளையின் கல்லூரி இடம், வேலைக்கான ஒதுக்கீடு எல்லாம் அதோடு மாறும். கிறிஸ்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர்களுக்கும் பட்டியல் சாதி உரிமை வேண்டும் என்று சட்டப்பேரவை 2023 ஏப்ரலில் தீர்மானம் போட்டது. முடிவு டெல்லியின் கையில். மதமாற்றத் தடைச் சட்டம் இல்லாத மாநிலத்திலும் மதம் மாறுவதற்கு விலை உண்டு என்பதை இந்தச் சான்றிதழ் சொல்லும்.

மாவட்டப் பக்கத்தின் வழக்கமான தலைப்புகளும் இங்கே முக்கியம். ‘இளம்பெண் மாயம்’. ‘காதல் ஜோடி எஸ்.பி. அலுவலகத்தில் தஞ்சம்’. பகுதிநேர நிருபருக்குத் தகவல் வருவது பெரும்பாலும் காவல் நிலையத்திலிருந்து. புகார் கொடுத்த தந்தையின் வார்த்தையே செய்தியின் வார்த்தையாகிறது. ‘மாயம்’ ஆனவர் வயது வந்தவர், தானாகவே கிளம்பியவர், எங்கே இருக்கிறார் என்பது அவருக்கே நன்றாகத் தெரியும். படமும் ஊர்ப் பெயரும் தெருப் பெயரும் போட்டு வெளியிட்டால், அவரைத் தேடுகிறவர்களுக்கு அந்தச் செய்தியே வழிகாட்டி. அவர் வேறு மதத்துப் பையனோடு போயிருக்கலாம், ஒரு தோழியோடு போயிருக்கலாம். ஆபத்து ஒன்றுதான்.

அடுத்த முறை படிக்கும்போது

இந்த இரண்டு விஷயத்திலும் ஒரு செய்தியை ஃபார்வர்டு செய்யும் முன் ஐந்து கேள்விகள் கேட்டுப் பார்க்கலாம்.

1. தலைப்பில் இருப்பது சட்டத்தின் பெயரா, எதிர்ப்பவர் வைத்த பெயரா, ஆதரிப்பவர் வைத்த பெயரா? சட்டம் உண்மையில் என்ன செய்யச் சொல்கிறது என்று ஒரு பத்தியாவது இருக்கிறதா?

2. ‘கட்டாயம்’ என்று சொல்வது யார்? நீதிமன்றமா, போலீஸா, புகார்தாரரா, ஒரு கட்சியா? ‘என்று குற்றச்சாட்டு’ என்ற இரண்டு சொற்கள் தலைப்பில் ஏறியிருக்கின்றனவா, கடைசிப் பத்தியில் ஒளிந்திருக்கின்றனவா?

3. மதம் மாறியவரோ, தன்பாலீர்ப்பு உள்ளவரோ அந்தச் செய்தியில் பேசுகிறாரா? இல்லாவிட்டால் அவரைப் பற்றி மற்றவர்கள் மட்டுமே பேசுகிறார்களா? ‘கிறிஸ்தவர்கள் கருத்து’, ‘இந்துக்கள் கருத்து’ என்று ஒரே ஒரு தலைவரின் பேட்டி வந்தால், அந்த மதத்தில் தன்பாலீர்ப்பாளர்களும் இருக்கிறார்கள் என்பது மறந்துபோகிறது.

4. தீர்ப்புச் செய்தி என்றால், எத்தனை நீதிபதிகள், எதில் ஒருமனது, எதில் பிளவு? தீர்ப்புக்குப் பிறகு என்ன மாறியது?

5. இந்தச் செய்தியில் உள்ள பெயர், படம், முகவரி யாரையாவது ஆபத்தில் தள்ளுமா?

கடைசிக் கேள்விக்கு மட்டும் வாசகரிடமே பதில் இருக்கிறது. ‘மகளைக் காணவில்லை, பார்த்தவர்கள் சொல்லவும்’ என்று ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தால், அவர் வயது வந்தவரா, புகாருக்குப் போலீஸ் என்ன பதில் சொல்லியிருக்கிறது என்று பார்த்துவிட்டு அனுப்பலாம். தெரியாவிட்டால் அனுப்பாமலே விடலாம். குழந்தையோ முதியவரோ தொலைந்த செய்தி என்றால் உடனே பகிர வேண்டியதுதான். 25 வயதுப் பெண் தன் பையோடு பஸ் ஏறிய செய்திக்கு அந்த அவசரம் கிடையாது.